ராகு காலத்தில் போன நாலு படம்

சங்கரன்கோவிலில் ரயிலைத் தவற விட்டவர்கள் உண்டு. முகூர்த்தத்தைத் தவற விட்டவர்கள் உண்டு. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தி முடிந்து வந்து, வெறும் பாயசத்தோடு திரும்பிப் போன அண்ணன் ஒருவரையும் எனக்குத் தெரியும். ஆனால் இன்னொண்ணு அண்ணாச்சி கண்டக்டராக இருந்த பஸ்ஸைத் தவற விட்டவர் என்று இந்த ஊரில் ஒரு ஆள்கூடக் கிடையாது. பஸ் கிளம்பினால்தானே தவற விடுவதற்கு?

சிவகிரி போகிற அரசு பஸ் அது. பஸ் ஸ்டாண்டு வாசலைத் தாண்டும்போது அண்ணாச்சி பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். தூரத்தில் எவராவது கொஞ்சம் வேகமாக நடந்து வருவது தெரிந்தால் போதும். "ஹோல்டான்! இன்னொண்ணு வருது!" அந்த இன்னொண்ணு வந்து ஏறுவதற்குள் அதற்குப் பின்னால் இன்னொண்ணு தெரியும். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு முறுக்கு தின்ன ஆரம்பித்துவிடுவாராம். ஒரு தடவை ஓடி வந்த ஒரு அம்மாவுக்காக வண்டியை நிறுத்தி, கூடையை வாங்கி, ஆளையும் ஏற்றி, விசில் கொடுத்துவிட்டார். அந்த அம்மா ஓடி வந்தது பஸ்ஸுக்கு இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஆட்டைப் பிடிக்க. அப்புறம் பஸ்ஸே ஆட்டை விரட்டிக்கொண்டு போனது என்று சொல்வார்கள். ஆட்டுக்கு டிக்கெட் போட்டாரா என்பதுதான் தெரியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் இன்னொண்ணு அண்ணாச்சிதான்.

அவர் ரிட்டயர் ஆனதும் சென்னையில் இருக்கிற மகன் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். அப்பாவால் சும்மா இருக்க முடியாது, கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நல்ல மனசோடு செய்திருக்கிறான். அனுபவித்தது நாங்கள்.

நாங்கள் என்றால், என் வீட்டுக்காரர் கீழே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படம், லேமினேஷன், கல்யாண ஆல்பம். மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் கேமரா கிளப் கூடும். அவர் செயலாளர். காபி என் பொறுப்பு. எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. கோமதியம்மனைக் கும்பிடத் தெரியும், வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். கிளப்பில் பேசுகிற பாதி வார்த்தை புரியாது. ஆனால் மனுஷர்களைப் புரிந்துகொள்ள காபி தம்ளரோடு வாசலில் நின்றாலே போதும்.

அண்ணாச்சி கூட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, காலை அகட்டி வைத்து நிற்பார். மற்றவர்கள் பேசப் பேச லேசாக ஆடுவார். பேச்சு சூடானால் வண்டி வளைவில் திரும்புகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வார்.

"உக்காருங்க அண்ணாச்சி. காபி ஆறுது."

"இருக்கட்டும் தங்கச்சி. ஏறுத ஆளுக்கு சீட்டு வேணும்லா?"

இனிமேல் மாடிக்கு யாரும் ஏறப் போவதில்லை என்று சொன்னால், ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வார். அப்போதும் உட்கார மாட்டார்.

கழுத்தில் கேமரா ஒரு பக்கம், பழைய விசில் ஒரு பக்கம் தொங்கும். ஒரு விசில் கொடுத்தால் யாரும் அசையக் கூடாது. ரெண்டு விசில் கொடுத்தால் கலைந்து போகலாம். ஆனால் அந்த ரெண்டு விசில் லேசில் வராது. நடுவில் "இன்னொண்ணு" வந்துவிடும். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, எல்லோரும் அட்சதை போடக் கையைத் தூக்கிவிட்டோம். பீய்ங்ங் என்று ஒரு விசில். தவில்காரர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மாப்ள, லேசா ஆடிட்டிய! அந்த முடிச்ச அவுத்துட்டு இன்னொண்ணு போடுங்க!"

சம்பந்தியம்மாளை நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை நிறுத்தி வைத்து எடுத்தாலும் அவர் படத்தில் ஒரு ஆளாவது நிற்பானா என்றால் கிடையாது. எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பூ மார்க்கெட்டில் கூடையோடு ஓடுகிறவர்கள், மழைக்குத் துணியை வாரிக்கொண்டு ஓடுகிற கடைக்காரர், பள்ளிக்கூட மணிக்கு ஓடுகிற பிள்ளைகள். படிக்கட்டில் நின்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓடி வருகிறவர்கள் மட்டும்தான் தெரிந்தார்கள் போல. இவரும் கூடவே ஓடிக்கொண்டு எடுப்பதால் பின்னால் இருக்கிற கரண்டுக் கம்பமும் சேர்ந்து ஓடும். ஒரு படத்தில் கோயில் கோபுரமே கிளம்பத் தயாரான மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கிளப்பில் கடையநல்லூர் பாய் என்று ஒருவர் உண்டு. துபாயில் இருந்து திரும்பி வந்து ஜவுளி வியாபாரம் பார்க்கிறார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பார். அவர் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, படம் ஷேக் ஆயிருக்கே."

"ஷேக்கா? அது ஸ்பீடு பாய்!"

எடுத்த படத்தில் ஒன்றைக்கூட அழிக்கவும் மாட்டார். மூடியைக் கழற்றாமல் எடுத்த கரும்படம், தவறி அமுக்கியதில் விழுந்த அவர் செருப்பு, எல்லாமே பத்திரமாக இருக்கும். "ஏறுன ஆள பாதி வழியில இறக்கி விட்டா பாவம்லா மாப்ள" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார். எங்கள் கம்ப்யூட்டரில் இடம் போதாமல், அவருக்கென்றே தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வைத்தோம். அதுவும் இப்போது படிக்கட்டு வரைக்கும் கூட்டம்.

இன்னொரு பழக்கம். கண்டக்டராக இருந்தபோது ஒவ்வொரு டிரிப்புக்கும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் முதல் டிக்கெட்டைக் கிழிப்பாராம். படத்துக்கு மட்டும் சும்மா விடலாமா? கம்ப்யூட்டரில் எழுதுகிற வித்தையைக் கற்றுக்கொண்டதும், ஒவ்வொரு படத்துக்கும் மேல் மூலையில் சின்னதாக ஒரு 'உ' போட ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, போட்டிக்கு அனுப்புத படத்துல எந்த எழுத்தும் இருக்கக் கூடாதுன்னு விதி. யாரு படம்னு நடுவருக்குத் தெரியக் கூடாது."

"அது என் எழுத்து இல்ல மாப்ள, பிள்ளையார் எழுத்து. பிள்ளையார் எடுத்த படம்னு நெனைச்சிட்டுப் போறாங்க."

வருஷா வருஷம் ஒரு பெரிய போட்டி வரும். ஆளுக்கு நாலு படம் அனுப்பலாம். சொன்ன அளவுக்குச் சுருக்கி, தலைப்பு வைத்து, இணையத்தில் ஏற்ற வேண்டும். கிளப்பில் எல்லோரும் அனுப்புவார்கள். அண்ணாச்சி மட்டும் ஒரு வருஷம்கூட அனுப்பியதில்லை. நாலு படத்தைப் பொறுக்கி வைத்திருப்பார். கடைசி நேரத்தில், "இருங்க மாப்ள, நாளைக்கு பூ மார்க்கெட்ல இன்னொண்ணு எடுத்துட்டு வாரேன்" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். திரும்பி வரும்போது கதவு சாத்தியிருக்கும்.

இப்படி இருக்கையில்தான் போன வருஷத்து ஆடித் தபசுத் திருவிழா வந்தது. செண்பகம் மதினி, அதாவது அண்ணாச்சியின் சம்சாரம், வருஷம் தவறாமல் ஆடிச்சுற்று சுற்றுகிறவள். பிரகாரத்தை நூற்றுக்கு மேல் சுற்றி, கால் வீங்கி, அம்மன் சன்னதியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணாச்சி அப்போதும் நிலைகொள்ளாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை வெளியே கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கை பரபரத்தது.

மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏங்க, நானும்தான் கேக்கேன். இத்தன வருஷமா படம் படம்னு ஓடுதிய. ஒரு படமாவது ஊரு போய்ச் சேந்துச்சா?"

சிவகிரி வண்டியை எத்தனை தாமதமானாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷர் அவர். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சன்னதியே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்:

"தாயே கோமதி! இந்த வருஷம் நாலு படத்தப் போட்டிக்கு அனுப்புதேன். அனுப்பலன்னா கேமராவ உன் உண்டியல்ல போட்டுருதேன்!"

மணி அடித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் பாம்பு, தேள் என்று வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போடுவார்கள். கேமராவை எவரும் போட்டதில்லை. மதினியின் முகம் மாறிவிட்டது. "ஏளா, வாய்ல வந்துட்டு. வந்தது வந்ததுதான்" என்றார் அண்ணாச்சி. அம்மனிடம் சொன்னால் சொன்னதுதான். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அடுத்த வாரமே ஒரு நூலைக் கொண்டுபோய் உண்டியலின் வாயை அளந்துவிட்டு வந்தார். "லென்ஸக் கழத்திட்டா உள்ள போயிரும் தங்கச்சி" என்றார்.

போட்டியின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணியோடு கதவு சாத்தப்படும். அண்ணாச்சி காலையில் நான் சாம்பிராணி போடும்போதே வந்துவிட்டார். கேமராவை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து எங்கள் பூஜையறையில் வைத்தார்.

"படம் போனா கேமராவ நான் எடுத்துட்டுப் போறேன். போகலன்னா இங்கனயிருந்து நேரா உண்டியலுக்கு."

இறந்தவர் வீட்டில் மாதிரி அந்த மஞ்சள் முடிச்சைச் சுற்றிச் சுற்றியே நடந்தோம்.

காலை முழுக்கத் தேர்ந்தெடுக்கும் படலம். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "இது வேண்டாமா?" என்றால், "ஐயோ, அந்தப் பிள்ள எப்படி ஓடி வருது பாருங்க!" என்பார். பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் பார்த்தால் காலையில் இருந்ததைவிட நாலைந்து கூடுதலாக இருந்தது. பன்னிரண்டுக்கு எமகண்டம். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றுவிட்டார். நின்றுகொண்டே சோறு சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். சாம்பார் ஊற்ற நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

எமகண்டம் முடிகிற நேரத்துக்குச் செண்பகம் மதினி வந்தாள். வந்ததும் பூஜையறையை எட்டிப் பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

"எத்தன பொறுக்கியாச்சு?"

"இருநூறு தேறும்" என்றார் என் வீட்டுக்காரர், செத்த குரலில்.

"நாலு தானய்யா கேட்டான்?" மதினி புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க பஸ்ஸுல எடம் இல்லன்னா ஏற வந்தவங்ககிட்ட என்ன சொல்லுவிய?"

"பின்னால வண்டி வருதுன்னு சொல்லுவேன்."

"அதச் சொல்லுங்க இதுகள்ட்ட."

அண்ணாச்சி திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஒவ்வொரு படமாக நகர நகர, கையை நீட்டித் தடுத்து, நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தார். "பின்னால வண்டி வருதும்மா... அடுத்த வண்டி காலியா வருது அண்ணாச்சி, அதுல வாங்க... ஏலே, படியில தொங்காத, பின்னால வா..." எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இருநூறு, இருபதாகி, நாலில் வந்து நின்றது.

பூக்கூடையோடு ஓடுகிற ஆள் ஒன்று. மழைக்கு ஓடுகிற கடைக்காரர் ஒன்று. இளையரசனேந்தல் பக்கம் காய்ந்த காட்டில் ஆடுகளுக்குப் பின்னால் ஓடுகிற கீதாரி ஒன்று. நாலாவது படத்தில் மட்டும் யாரும் ஓடவில்லை. ரத வீதியில் ஒரு கடைப் படியில் செண்பகம் மதினி உட்கார்ந்திருந்தாள். ஆடிச்சுற்று முடித்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, எதையோ நினைத்துச் சிரிக்கிறாள். அப்படி ஒரு தெளிவான படத்தை அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"இத எப்ப எடுத்திய?" என்றாள் மதினி.

"நீ சுத்தி முடிச்சு நின்னப்ப."

"முட்டியப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன். இதப் போயி ஊரு பாக்க அனுப்பணுமா?" என்று முணுமுணுத்தாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் குளிகை. குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இப்போது அனுப்பினால் இனி வருஷா வருஷம் அனுப்பலாம் என்று அண்ணாச்சிக்கு ஒரே உற்சாகம். என் வீட்டுக்காரர் ஓரங்களை வெட்டப் போனார்.

"வெட்டாதிய மாப்ள! ஓரத்துல நிக்கவனும் டிக்கெட் எடுத்தவன்தான்!"

"அவனுக்குப் பாதி முகம்தான் தெரியுது, அண்ணாச்சி."

"அரை டிக்கெட்டுன்னு வச்சுக்கிடுங்க."

ஒருவழியாக நாலையும் சொன்ன அளவுக்குச் சுருக்கியாயிற்று. அப்புறம் மூலையில் இருக்கிற 'உ'வை அழித்து வேறு நாலு பிரதி எடுத்தார் என் வீட்டுக்காரர். அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். இனி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சரியாக அந்த நேரத்தில் கரண்டு போனது.

அதன் பிறகு அண்ணாச்சி பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. தெரு முனைக்கு ஓடினார். டிரான்ஸ்பார்மரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி ஓடினார். டிரான்ஸ்பார்மருக்கே விசில் கொடுத்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாலரை மணி தாண்டியதும் கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது, கம்ப்யூட்டர் உயிர் பெற்றது, என் வீட்டுக்காரர் கைதட்டினார். அண்ணாச்சி சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நாலரை ஆறு. ராகு காலம்" என்றார்.

ஆறு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். ஆறு மணி வரைக்கும் ராகு காலம்.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.

எங்கள் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. மதினி ஓடிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பூஜையறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோயில் நடை தெறந்திருக்கும்லா தங்கச்சி? கேமராவ எடுத்துக் கொடு" என்றார்.

அந்த நேரம் பார்த்து கடையநல்லூர் பாய் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் கத்தினார். "அண்ணாச்சி, எங்களுக்குத்தான் ராகு காலம் கெடையாதே! பாஸ்வேர்டச் சொல்லுங்க, இங்கன இருந்து நான் அமுக்குதேன்!"

"அமுக்குதது நீரா இருந்தாலும், படம் என் ஜாதகத்துக்குல்லா பாய் சேரும்."

"அல்லாவே! அப்ப துஆ செய்யுதேன். வேற என்ன செய்ய?"

நான் எலுமிச்சம்பழத்தை மடியில் முடிந்துகொண்டு நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட நான் கோயிலுக்குப் போகிற நேரம் அது. அதை நினைத்ததும் எனக்கே வாய் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் வாராவாரம் இந்த நேரத்துலதான் அம்மாகிட்டப் போயி அதத் தா, இதத் தான்னு கேக்கேன். கேக்கதுக்கு ஆகுற நேரம், சொன்ன சொல்லக் காப்பாத்ததுக்கு ஆகாதா?"

அவர் தலையைத் தூக்கினார்.

"ராகு யாரு? பாம்புதான? பாம்புக்குப் பயந்தவங்க எங்கெங்க இருந்தோ நம்ம ஊருக்கு வந்து, புத்து மண்ண நெத்தியில பூசி, பயம் தெளிஞ்சு போறாங்க. நீங்க இந்த மண்ணுல பொறந்துட்டு பாம்புக்குப் பயந்தா, கோயில்ல இருக்க நாகர் சிரிக்க மாட்டாரா?"

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. பூஜையறையில் இருந்து புற்று மண்ணை எடுத்து வந்து அவர் நெற்றியில் இட்டேன். என் வீட்டுக்காரர் நெற்றியில் இட்டேன். கம்ப்யூட்டருக்கும் இட்டேன். மூலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த இன்டர்நெட் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு வந்தால் அதுவே எரியும் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் வாதாடுவதில்லை.

அண்ணாச்சி எழுந்து நின்றார். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ராகு காலத்துல கெளம்புதோம். பிள்ளையாரும் கூட இல்லாமயா? சுழி உள்ள படத்தையே ஏத்துங்க மாப்ள."

"தள்ளிருவாங்க அண்ணாச்சி!"

"தள்ளட்டும். நான் அனுப்புதேன்னுதான வேண்டுனேன்? ஜெயிக்கேன்னு சொல்லலையே."

மணி ஐந்தே முக்காலைத் தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, 'உ' இருக்கிற நாலையும் ஏற்றினார். வட்டம் சுற்றியது, சுற்றியது, அம்மன் சன்னதியை மதினி சுற்றின மாதிரி சுற்றியது. ஒவ்வொன்றாக நாலும் ஏறின. கடைசியாக ஒரு பொத்தான் பாக்கி. அதை அண்ணாச்சிதான் அமுக்க வேண்டும் என்றோம். விரலைக் கொண்டுபோனார். விரல் நடுவழியில் நின்றது.

"மாப்ள... அந்த மூணாவதுக்குப் பதிலா, பூ மார்க்கெட்ல இன்னொண்ணு..."

செண்பகம் மதினி புருஷன் கழுத்தில் தொங்கின விசிலை எடுத்தாள். வாயில் வைத்தாள். பீய்ங்! பீய்ங்!

"போலாம் ரைட்!"

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் கொடுத்த விசிலை முதல் தடவையாக வேறு ஒருத்தர் அவருக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான். விரல் தானாக இறங்கிவிட்டது. திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அண்ணாச்சி பிடிக்கக் கம்பி தேடி என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்கு ஓடினேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. படத்தில் எழுத்து இருப்பதால் நாலும் போட்டியில் சேர்க்கப்படவில்லை என்று இங்கிலீஷில் இருந்ததை என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீ சொல்லு. திரும்பி வந்த படம் அனுப்புன படமாகுமா? அம்மன் கணக்குல ஏறுமா? இல்ல, கேமராவக் கொண்டுபோய்ப் போட்டுரணுமா?"

மதினி என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக் கேள்வி இல்லை இது. கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டு, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"சாமிக்குத் தேங்கா ஒடைக்கோம். சில சமயம் உள்ள அழுகியிருக்கு. அதுக்காக ஒடைக்கலன்னு ஆயிருமா? ஒடைச்சது ஒடைச்சதுதான் அண்ணாச்சி. அம்மா வாங்கிக்கிட்டா."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெருவைப் பார்த்தார். "அப்ப நாலையும் அவங்க பாத்துத்தான தள்ளியிருப்பாங்க? செண்பகத்தையும் பாத்திருப்பாங்கல்லா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். அப்படியும் மனசு கேட்காமல், கேமராவுக்கு ஈடாக வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடிக் கண் வாங்கி உண்டியலில் போட்டார். வெளியே வந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் கேமராவை வாங்கி, கோபுரத்துக்கு எதிரே எங்கள் மூன்று பேரையும் நிறுத்தினார். ஒரு விசில் கொடுத்தார். எடுத்தார். அதிசயமாக உடனே ரெண்டு விசிலும் கொடுத்துவிட்டார். "போதும், முடிஞ்சுது" என்றார்.

நாங்கள் நகர்ந்தோம். செண்பகம் மதினி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"கண்ண மூடிட்டேன்னு நெனைக்கேன்" என்றாள். "இன்னொண்ணு எடுங்க."

அந்த இரண்டாவது படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கோபுரம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, நாங்களும் ஆடியிருக்கிறோம். மேல் மூலையில் சின்னதாக ஒரு 'உ' இருக்கிறது. தினமும் விளக்கேற்றிவிட்டு வரும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறேன்.